1799 சென்ட்டை 400 டாலருக்கு வாங்கலாமா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. நியூ ஜெர்சிக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. பழைய சாமான் சந்தையில் 1853 என்று போட்ட பெரிய செப்புக் காசு ஒன்று 20 டாலருக்குக் கிடைத்தது, அன்றிலிருந்து ஆசை பிடித்துக்கொண்டது. இப்போது இணையத்தில் ஒருவர் 1799 சென்ட் ஒன்றை 400 டாலருக்குத் தருகிறேன் என்கிறார், வாங்கலாமா? 1853 காசில் பச்சை படிந்திருக்கிறது, அதைத் தேய்த்துப் போக்கலாமா? இரண்டு கேள்வி மாதிரி தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். செப்புக் காசில் எது அரியது, எது வெறும் பழசு என்று புதிதாக வருகிறவர் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறீர்கள்.

சின்னப் பதில்: வாங்காதீர்கள், தேய்க்காதீர்கள். பெரிய பதிலுக்கு முன்னால் என்னைப் பற்றி ஒரு வரி. நான் உலோகவியல் படித்தவன், பென்சில்வேனியாவில் ஆய்வகம் ஒன்றில் வேலை. 22 வருடமாக அமெரிக்கப் பெரிய சென்ட்டுகளை, அதாவது இன்றைய சென்ட்டைவிடப் பெரிதாகச் செம்பில் அடித்த பழைய ஒரு சென்ட் காசுகளைச் சேர்க்கிறேன். 1793 முதல் 1814 வரையிலான காசுகளைப் பற்றி ஓரளவு தைரியமாகப் பேசுவேன். அரை சென்ட் சுமாராகத் தெரியும். கனெக்டிகட், நியூ ஜெர்சி, வெர்மான்ட் போன்ற மாநிலங்கள் 1780-களில் தனித்தனியாக வெளியிட்ட செப்புக் காசுகளில் எனக்கு இருப்பது கேள்வி ஞானம்தான். அதைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை.

கதையை 1792-இலிருந்து ஆரம்பிக்கலாம். அந்த ஏப்ரலில் நாணயச் சட்டம் வந்தது, ஃபிலடெல்ஃபியாவில் நாணயச்சாலை அமைந்தது. மக்கள் கையில் புழங்க அங்கே அச்சடித்த முதல் சென்ட் 1793 மார்ச்சில் வெளியானது. மொத்தம் 36,103 காசு. தலைப் பக்கம் கூந்தல் பறக்கும் ஒரு பெண், சுதந்திர தேவி. மறுபக்கம் 15 வளையம் கோத்த சங்கிலி, வளையத்துக்கு ஒரு மாநிலம். ஒற்றுமைக்கு அடையாளமாக வைத்ததுதான். ஆனால் அப்போதே ஒரு பத்திரிகை கிண்டலடித்தது: விடுதலைக்குச் சங்கிலி நல்ல சகுனமா, அந்தப் பெண்ணைப் பார்த்தாலும் எதையோ கண்டு மிரண்டவள் மாதிரி இருக்கிறாளே என்று. சீக்கிரமே சங்கிலி போய் இலை வளையம் வந்தது, அது 63,353. வருடக் கடைசியில் கம்பில் மாட்டிய தொப்பியோடு மூன்றாவது உருவம், அது 11,056 மட்டும். அந்த மூன்றாவதை வரைந்தவர் என்று சொல்லப்படும் ஜோசஃப் ரைட் அதே வருடம் ஃபிலடெல்ஃபியாவைப் புரட்டிப்போட்ட மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோனார். ஒரே வருடத்தில் மூன்று உருவம்! 1793-க்கு இன்றும் இத்தனை பேர் அலைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆரம்பத்தில் ஒரு சென்ட்டின் எடை 208 கிரெய்ன், அதாவது 13.48 கிராம். செம்பு விலை ஏற ஏற கட்டுப்படியாகவில்லை, 1795 கடைசியில் 168 கிரெய்னாகக் குறைத்தார்கள், 10.89 கிராம். கனமான காசுகளில் பெரும்பாலானவற்றின் விளிம்பில் ‘நூறு சேர்ந்தால் ஒரு டாலர்’ என்ற பொருளில் ஆங்கில எழுத்து ஓடும். மெலிந்த பிறகு எழுத்துக்கு இடமில்லை, வெறும் விளிம்பு. இந்த இரண்டு எடையையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது. 1857 பிப்ரவரியில் சட்டம் போட்டுப் பெரிய சென்ட்டையும் அரை சென்ட்டையும் நிறுத்தினார்கள். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய காசு காணாமல் போகப் போகிறது என்றதும் ஊரெல்லாம் எடுத்து வைக்க ஆரம்பித்தது. அமெரிக்காவில் காசு சேர்க்கும் பழக்கம் பரவலானதே அந்தச் சமயத்தில்தான்.

நடுவில் நம்மூர் சங்கதி ஒன்று. ஃபிலடெல்ஃபியாவில் செப்புத் தகடு உருட்டி, காசு அடிப்பதற்கான வட்ட வில்லை வெட்டுவது பெரும் பாடாக இருந்ததால், 1790-களின் பிற்பகுதியிலிருந்து இங்கிலாந்தின் பர்மிங்காம் பக்கத்தில் சோஹோ என்ற இடத்தில் ஆலை வைத்திருந்த மாத்யூ போல்ட்டனிடம் வெற்று வில்லைகளை வாங்கினார்கள். அதே சோஹோவில்தான் 1803-இல் சென்னை மாகாணத்துக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனியின் 10 காசு, 20 காசு செப்பு நாணயங்கள் அச்சாயின. சென்னையில் பழங்காசுக் கடைகளில் 20 காசு இன்றும் கிடைக்கும். நான் முதன்முதலில் வாங்கிய செப்புக் காசு அதுதான். அதையும் ஒரு 1803 சென்ட்டையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எனக்கு ஒரு கிறுக்கு.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தக் காசுகளைப் புரிந்துகொள்ள அச்சை, அதாவது வில்லையில் உருவத்தைப் பதிக்கும் எஃகுக் கட்டையைப் புரிந்துகொள்ள வேண்டும். தலைக்கு ஒன்று, மறுபக்கத்துக்கு ஒன்று என்று அது ஜோடியாக வரும். அன்று எஃகு அச்சில் தலையை ஒரு முத்திரையால் இறக்குவார்கள். எழுத்து, எண், இலை எல்லாம் ஒவ்வொன்றாகக் கையால் அடித்துப் பதிக்க வேண்டும். கை என்றால் நடுங்கும், சறுக்கும், கணக்குத் தப்பும். அதனால் எந்த இரண்டு அச்சும் ஒரே மாதிரி இருக்காது. ஒன்றில் ஆண்டின் கடைசி எண் தேவியின் மார்பை உரசும், இன்னொன்றில் தள்ளி நிற்கும். அச்சு விரிசல் விட்டால் அந்த விரிசலும் காசில் மேடாக ஏறும். 1798 என்று போட்ட சென்ட்டில் மட்டும் நாற்பதுக்கு மேற்பட்ட அச்சு ஜோடிகளைப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். 1794-இல் ஐம்பதைத் தாண்டும்.

இதில் எனக்குப் பிடித்தது 1801-இல் வந்த ஒரு அச்சு. மறுபக்கத்தில் கீழே நூறில் ஒன்று என்று பின்னம் இருக்க வேண்டும். பதித்தவர் ஒன்றுக்குக் கீழே மூன்று சுழி போட்டுவிட்டார், கணக்குப்படி எதற்கும் உதவாத எண். ‘யுனைடெட்’ என்ற சொல்லின் முதல் எழுத்து, இரண்டு ‘ஐ’ பக்கத்தில் பக்கத்தில் நிற்பது போல விழுந்திருக்கிறது. இலை வளையத்துக்கு இரண்டு காம்பு வர வேண்டும், ஒன்றுதான் இருக்கிறது. ஒரே அச்சில் மூன்று பிழை. அதை யாரும் தூக்கிப் போடவில்லை, காசு அடித்து வெளியே விட்டார்கள். நல்ல எஃகு கிடைப்பதே அத்தனை அரிதாக இருந்த காலம். 1794-இல் இன்னொரு விசித்திரம் உண்டு. மறுபக்க ஓரத்தில் பல் பல்லாக இருக்கும் மேடுகளுக்கு நடுவே சுற்றிலும் 94 பொடி நட்சத்திரங்கள். எதற்காகப் போட்டார்கள் என்பதற்கு ஆளுக்கொரு ஊகம் சொல்கிறார்கள், சான்று எதுவும் கிடைத்ததில்லை. ஆனால் தேய்ந்துபோன காசில்கூட லென்ஸ் வைத்தால் நாலைந்து நட்சத்திரம் மினுக்கும். அதைக் கண்டுவிட்டால் அன்று இரவு தூக்கம் வராது.

இனி ‘அரிது’ என்ற சொல். வயதுக்கும் அரிதுக்கும் சம்பந்தம் கொஞ்சம்தான். 200 வருடப் பழசு என்பதால் விலை ஏறாது. 1851-இல் மட்டும் 98 லட்சத்துக்கு மேல் சென்ட் அடித்தார்கள், 30, 40 டாலருக்கு இன்றும் நல்லதாகவே கிடைக்கும். சேகரிப்பாளர்கள் ஒவ்வொரு அச்சு வகைக்கும் எத்தனை காசு மிஞ்சியிருக்கிறது என்று மதிப்பிட்டு ஒன்று முதல் எட்டு வரை படி வைத்திருக்கிறார்கள். எட்டு என்றால் மூன்றுக்கு மேல் தெரியாது. ஆறு என்றால் 13 முதல் 30. ஒன்று என்றால் 1,250-க்கு மேல். இதைப் பார்த்துவிட்டு விலையும் இதே வரிசையில் போகும் என்று நினைத்துவிடக் கூடாது. 1793 சங்கிலிக் காசு பல நூறு மிஞ்சியிருக்கிறது, அந்தப் படியில் அது பெரிய உயரத்தில் இல்லை. ஆனால் தேய்ந்து எழுத்தே தெரியாத சங்கிலிக் காசுகூட ஆயிரக்கணக்கான டாலர் போகிறது. ஆள் ஆளுக்கு ஒன்று வேண்டும் என்கிறார்கள், அதுதான் காரணம். அதே நேரம் உலகத்திலேயே இருபதுதான் இருக்கிறது என்ற 1798 அச்சு வகை ஒன்று, விற்பவருக்கு அடையாளம் தெரியாததால் சாதாரண 1798 விலைக்கு உங்கள் கையில் வந்து விழலாம். எனக்கு இரண்டு முறை விழுந்திருக்கிறது. இந்தத் துறையில் பணமில்லாதவனுக்கு இருக்கும் ஒரே வழி அதுதான்.

இப்போது உங்கள் 1799. பெரிய சென்ட் வரிசையில் ஆண்டு வாரியாகப் பார்த்தால் கிடைப்பதற்கு மிகக் கடினமானது அதுதான். 1799-இல் ஒன்பது லட்சத்துக்கும் மேல் சென்ட் அடித்ததாக நாணயச்சாலைக் கணக்கு சொல்கிறது. ஆனால் அன்று அச்சு உடையும் வரை பழைய ஆண்டு அச்சையே ஓட்டுவார்கள். அதனால் அந்த ஒன்பது லட்சத்தில் பெரும்பங்கு 1798 என்றுதான் போட்டிருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள், கிடைக்கும் காசுகளும் அதையே சொல்கின்றன. 1799 காசுகளைத் துளை போட்டு ஆப்பிரிக்கக் கரைக்கு வியாபாரத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்று ஒரு பழைய கதையும் உலவுகிறது. அதற்கு ஆதாரமாக யாரும் ஒரு காகிதத்தைக் காட்டியதில்லை. உறுதியாகத் தெரிவது இது: 1799-க்கு இரண்டே அச்சு வகை. ஒன்று 8-இன் மேல் 9 அடித்தது, மற்றது சுத்தமான 9. வருகிற காசுகள் பெரும்பாலும் தேய்ந்து, கறுத்து, சொரசொரவென்று இருக்கும். அப்படிப்பட்ட மோசமான காசே உண்மையானதாக இருந்தால் சில ஆயிரம் டாலர். 400 டாலர் என்பது கேள்வியைவிடப் பதில் மாதிரி இருக்கிறது.

பட்டுத் தெரிந்துகொண்ட கதை ஒன்று என்னிடம் இருக்கிறது. சேர்க்க ஆரம்பித்த நாலாவது வருடம், ஒரு காசுக் கண்காட்சியில் மூலை மேசைக்காரரிடம் 1799 ஒன்றை 600 டாலருக்கு வாங்கினேன். அவரிடம் அவசரமாகப் பணம் வேண்டும் என்ற கதை இருந்தது, என்னிடம் பேராசை இருந்தது. வீட்டுக்கு வந்து மேசை விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்துப் பார்த்தேன். மற்ற மூன்று எண்களும் மழுங்கி, ஓரங்கள் உருண்டு, சுற்றியிருக்கும் செம்போடு கலந்து கிடந்தன. கடைசி 9 மட்டும் அடியில் கூர்மையாக நின்றது. அதன் கீழ் இடதுபுறத்தில் செம்பு இலேசாகக் குழிந்திருந்தது. சாய்ந்த வெளிச்சத்தில் மட்டும் தெரியும் குழி, உள்ளே மயிரிழை மாதிரி இணைகோடுகள். 8-இன் கீழ்ச் சுழியின் இடது பக்கத்தை யாரோ ஊசி முனையால் சுரண்டி 9 ஆக்கியிருந்தார். அப்புறம் காசைத் திருப்பி, மறுபக்க எழுத்துகளின் இடைவெளியைப் புத்தகத்துப் படங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். இரண்டு மணி நேரத்தில் 1798 வகை ஒன்றோடு அச்சு அசலாகப் பொருந்தியது, விரிசல் உட்பட. எண்ணைச் சுரண்டியவருக்கு மறுபக்கத்தை மாற்ற முடியவில்லை. விற்றவரைப் பிறகு எந்தக் கண்காட்சியிலும் பார்க்கவில்லை. காசு இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது, புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கு.

இதே மாதிரி தந்திரங்கள் எல்லாம் பழையவை, அடையாளமும் தெரிந்தவை. 1815 என்று ஒரு பெரிய சென்ட்டைக் காட்டினால் யோசிக்கவே வேண்டாம். 1812-இல் தொடங்கிய போரால் இங்கிலாந்திலிருந்து வில்லை வரவில்லை, 1815 என்று ஆண்டு போட்ட சென்ட்டே கிடையாது. 1813-ஐயோ 1845-ஐயோ திருத்தியிருப்பார்கள். 1804-க்கு ஒரே ஒரு அச்சு ஜோடிதான். உண்மையான 1804-இல் ஆண்டில் இருக்கும் சுழிக்கு நேர் பின்னால், மறுபக்கம் ‘ஆஃப்’ என்ற சொல்லின் வட்ட எழுத்து வரும். இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினாலே தெரிந்துவிடும். 1860-கள் வாக்கில் யாரோ நாணயச்சாலை கழித்துப்போட்ட துருப்பிடித்த அச்சுகளை வைத்து 1804 என்று சொந்தமாக அடித்தும் விட்டார்கள். அது போலி என்று எல்லோருக்கும் தெரியும், தெரிந்தே அதற்கும் ஒரு விலை கொடுத்து வாங்குகிறார்கள். இந்த உலகம் இப்படித்தான்.

19-ஆம் நூற்றாண்டில் மின்முலாம் முறையில் உண்மைக் காசிலிருந்து இரண்டு செப்பு ஓடு எடுத்து, உள்ளே ஈயம் ஊற்றி ஒட்டிய நகல்கள் ஏராளம். முகம் அத்தனை துல்லியமாக இருக்கும். விளிம்பைச் சுற்றி ஒட்டு தெரியும், எடை தப்பும், மேசையில் விட்டால் ‘ணங்’ என்று ஒலிக்காது, தட்டென்று விழும். (நல்ல காசை அப்படிப் போட்டுப் பார்க்காதீர்கள்!) வார்ப்பு நகல்களில் பரு மாதிரி சின்னச் சின்னக் குமிழ்கள் இருக்கும். இவற்றையெல்லாம் ஒரு நகைத் தராசும் லென்ஸும் பிடித்துவிடும். இப்போது பயப்பட வேண்டியது சமீபத்தில் வரும் அச்சடித்த போலிகளுக்கு. ஒரு உண்மைக் காசை மாதிரியாக வைத்து அச்சு செய்து, சரியான எடையில் செம்பில் அடிக்கிறார்கள். அவற்றைக் காட்டிக்கொடுப்பது அந்த மூலக்காசின் காயங்கள்தான். தேவியின் கன்னத்தில் ஒரு கீறல், அதே கீறல் இன்னொரு ஊரில் விற்கும் காசிலும் அதே இடத்தில். இரண்டு காசு ஒரே மாதிரி கீழே விழுந்து ஒரே மாதிரி அடிபடாது. ஆனால் இதைக் கண்டுபிடிக்க நிறையப் படங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒற்றைக் காசைப் புகைப்படத்தில் மட்டும் பார்த்துவிட்டு உண்மை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். போலி என்று சில சமயம் சொல்ல முடியும், உண்மை என்று சொல்லக் கையில் வேண்டும். நம்மூரில் ராமர் பட்டாபிஷேகம் போட்டு 1616, 1717, 1818 என்று ஆண்டு போட்ட ‘கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு அணா’வைக் காட்டி லட்சம் கேட்பார்களே, கம்பெனி அப்படி ஒரு காசு வெளியிட்டதே இல்லை. அதை வாங்குகிறவர் ஏமாறுவது ஆசையில். இங்கே ஏமாறுவது பெரும்பாலும் அரைகுறைப் படிப்பில், என்னை மாதிரி.

செம்பின் மேல்தோல் பற்றி நான் படித்த படிப்பை வைத்துக் கொஞ்சம் பேசலாம். புதிதாக அச்சான செம்பு ஆரஞ்சுச் சிவப்பு. காற்று பட்டு, கை பட்டு, அதன் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் கட்டும். இருநூறு வருடத்தில் அது அடர்ந்து சாக்லெட் பழுப்பாகவும், சில சமயம் ஆலிவ் நிறமாகவும், கறுப்பாகவும் மாறும். அந்தப் படலம்தான் காசுக்குக் காவல், அதுதான் விலையும். புளியோ எலுமிச்சையோ பட்டால் அமிலம் படலத்தைக் கரைத்துவிடும். கீழே இருக்கும் வெறும் செம்பு வெளியே வரும், நுண்ணிய அளவில் அரிக்கப்பட்ட நிலையில். அமாவாசைக்கு அமாவாசை செப்புக் குடத்தைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்ப்பதைப் பார்த்து வளர்ந்த கை என்னுடையது. உலோகவியல் பட்டமும் வாங்கியவன். அப்படியிருந்தும் என் முதல் 1803 சென்ட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை புளி போட்டுத் தேய்த்தேன். குடம் மாதிரி பளபளக்கவில்லை. உரித்த கோழித்தோல் மாதிரி ஒரு வெளிர் ரோஸ் நிறம் வந்தது. 80 டாலர் காசு 15 டாலர் காசானது. கந்தகம் கலந்த களிம்பு பூசி மறுபடி பழுப்பாக்குவார்கள், பழகிய கண்ணுக்கு அந்த நிறம் ஒட்டவைத்தது போல ஒரே சீராகத் தெரியும். காசு வாங்கும்போது எழுத்துகளின் இடுக்கிலும் நடுவெளியிலும் நிறம் இயல்பாக மாறுகிறதா என்று பாருங்கள். மேடு தேய்ந்து வெளிறியும் பள்ளம் இருண்டும் இருப்பதுதான் இயற்கை.

தரம் போடுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எல்லாக் காசுக்கும் இன்று போடும் 70 மதிப்பெண் அளவுகோல் பிறந்ததே இந்தப் பெரிய சென்ட்டில்தான். வில்லியம் ஷெல்டன் என்ற உளவியலாளர் 1949-இல் வெளியிட்டது. 1794 சென்ட்டில் படுமோசமானது ஒரு டாலர் என்றால், அப்பழுக்கில்லாதது 70 டாலர் போகிறது என்ற அன்றைய சந்தை நிலவரத்தை வைத்து ஒன்று முதல் எழுபது. அந்த விலை விகிதம் எப்போதோ காலாவதியாகிவிட்டது, எண் மட்டும் நிலைத்துவிட்டது. இந்தியக் காசை பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு மதிப்பெண் வாங்கி வருகிறார்களே, அதிலும் இந்தக் கணக்குதான். ஷெல்டனின் எண்களை வைத்துத்தான் நாங்கள் இன்றும் அச்சு வகைகளைக் கூப்பிடுகிறோம், நட்சத்திரக் காசு என்றால் எஸ்-48. அவரே நியூயார்க்கில் இருந்த அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்பில் கை வைத்தவர் என்பது அவர் 1977-இல் இறந்து பல வருடம் கழித்து வெளியே வந்தது. நல்ல காசை எடுத்துக்கொண்டு அதே வகையில் மட்டமான ஒன்றை அந்த இடத்தில் வைத்திருக்கிறார். வழக்கு நடந்து பல காசுகள் கழகத்துக்குத் திரும்பின. அவருடைய உழைப்பை ஒதுக்கவும் முடியவில்லை, அவரைக் கும்பிடவும் மனம் வரவில்லை.

நடைமுறையில், காசைச் சோதித்துப் பெட்டியில் அடைத்துத் தரும் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற நிறுவனங்கள் போடும் மதிப்பெண்ணைவிடச் செப்புக்காரர்கள் ஒன்றிரண்டு படி குறைத்தே போடுவார்கள். தேய்மானத்துக்கு ஒரு எண், பிறகு அரிப்பு, கீறல், குத்து என்று ஒவ்வொன்றுக்கும் கழித்துக்கொண்டே வருவார்கள். கடைசியில் எவ்வளவு கழிப்பது என்பதில் இரண்டு அனுபவசாலிகள் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. அது அறிவியல் இல்லை, பழக்கம். ஆனால் உண்மையா போலியா என்ற கேள்விக்கு அந்த நிறுவனங்களின் பெட்டி நல்ல துணை. விலை ஐந்நூறு டாலரைத் தாண்டினால் பெட்டியில் இல்லாத காசைப் புதியவர் தொட வேண்டாம் என்பது என் கருத்து. பெட்டியையே போலியாகச் செய்கிறார்கள், அதனால் அதில் இருக்கும் எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே வரும் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

புதையல் கதைகளையும் கொஞ்சம் தள்ளி வைத்தே கேளுங்கள். 1816 முதல் 1820 வரையிலான சென்ட்டுகள் மட்டும் சிவப்பு மாறாமல் நிறையக் கிடைப்பது உண்மை. உள்நாட்டுப் போருக்குப் பின் ஜார்ஜியாவில் ஒரு ரயில் மேடைக்கு அடியில் சின்னப் பீப்பாயில் கிடந்தன என்று சொல்வார்கள். பீப்பாய் இருந்திருக்கலாம். மேடை, ஊர், ஆள் விவரமெல்லாம் சொல்பவருக்குச் சொல்பவர் மாறுகிறது. ஒரு காசோடு கதை வந்தால் கதைக்குத் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள், பழைய ஏலப் பட்டியலில் படத்தோடு வந்திருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

400 டாலரைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றால், நான் இப்படிச் செய்வேன். 1798, 1802, 1803 இந்த ஆண்டுகளில் சுமாராகத் தேய்ந்த, ஆனால் தோல் வழுவழுப்பாக இருக்கும் சென்ட் ஒன்றை வாங்குவேன். ஆண்டு தெரிய வேண்டும், மறுபக்க எழுத்து தெரிய வேண்டும், அவ்வளவுதான். சொரசொரப்பான உயர்தரத்தைவிட வழுவழுப்பான நடுத்தரம் மேல். பத்து மடங்கு லென்ஸ், இரண்டு தசமம் காட்டும் தராசு, அச்சு வகைப் புத்தகம் ஒன்று. செயின்ட் லூயிஸில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் நடத்தும் நியூமன் நாணயவியல் தளத்தில் நூறு வருடப் பழைய ஏலப் பட்டியல்கள்கூட இலவசமாகக் கிடைக்கும். அந்த ஒரு காசை வைத்துக்கொண்டு அது எந்த வகை என்று நீங்களே கண்டுபிடியுங்கள். ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை, யாரிடமும் கேட்காதீர்கள். அப்புறம் 1967-இல் தொடங்கிய ‘ஏர்லி அமெரிக்கன் காப்பர்ஸ்’ சங்கத்தில் சேருங்கள். அங்கே இருக்கும் பெரியவர்கள் கையில் காசைக் கொடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். நான் பத்து வருடத்தில் படித்ததைவிட ஒரு ஹோட்டல் அறையில் மூன்று மணி நேரத்தில் அதிகம் பார்த்தேன்.

அந்த 1799 ஆசை விடவில்லை என்றால், விற்பவரிடம் மூன்று கேளுங்கள்: கிராமில் எடை, விளிம்பின் படம், ஆண்டின் மேல் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி எடுத்த படம். நல்ல நிலையில் 10.89 கிராம் இருக்க வேண்டும். தேய்ந்தது கொஞ்சம் குறையலாம், பெரிதாகக் கூடக் கூடாது. விளிம்பில் எழுத்து இருக்கக் கூடாது.

உங்கள் 1853-க்கு வருகிறேன். பச்சை இரண்டு வகை. கொழகொழவென்று எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி பரவியிருந்தால் அது பழைய மெத்துப் பிளாஸ்டிக் உறையிலிருந்து வந்தது. கெட்டியாகப் பொருக்கு மாதிரி ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் செம்பு அரித்து வந்தது. முதலாவதற்கு இரும்புச் சாமான் கடையில் கிடைக்கும் சுத்த அசிட்டோன் போதும், நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் வேறு சேர்மானம் உண்டு. கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பு எரியாத அறையில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். எடுத்துப் புது அசிட்டோனில் ஒரு முறை அலசி, துடைக்காமல் தானே காய விடுங்கள். இரண்டாவது வகை அசிட்டோனுக்கு அசையாது. அதற்கு மினரல் ஆயிலில் சில வாரம் போட்டு வைத்து, இளகிய பிறகு ரோஜா முள்ளால் மெதுவாக நெம்புவோம். குண்டூசி வேண்டாம், செம்பைவிடக் கெட்டி. முள் முனை மழுங்கும், காசில் கீறல் விழாது. ஆலிவ் எண்ணெய் நல்லது என்று சிலர் சொல்வார்கள். அதில் அமிலம் உண்டு, நிறம் கறுக்கிறது என்று நான் நினைக்கிறேன், வேறு மாதிரி நினைப்பவர்களும் இருக்கிறார்கள். பொருக்குக்கு அடியில் குழி இருந்தால் அது இருக்கத்தான் செய்யும், அதை யாரும் நிரப்ப முடியாது. காய்ந்ததும் பஞ்சுத் துணி உள்வைத்த சின்னக் காகித உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வையுங்கள், சமையலறைப் பக்கம் வேண்டாம். ஒரு மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள். அதே இடத்தில் மறுபடி பச்சைத் தூள் பூத்திருந்தால் அரிப்பு உள்ளே இன்னும் நடக்கிறது, அப்போது படம் எடுத்துப் போடுங்கள்.